வீட்டுக்குள் ஒரு வயல் – 7: காற்றுக்கு வழி விடுங்கள்

பூத்துத் திரண்ட கஞ்சாக் கொத்தின் நடுவே விரல் நகத்தளவு இலை ஒன்று மட்டும் மஞ்சளாகி வாடியிருக்கும். சுற்றியுள்ளவை எல்லாம் பச்சையாகவே இருக்கும். தண்ணீர் போதவில்லை போலும் என்று பலர் கடந்துபோய்விடுவார்கள். கடந்துபோகாதீர்கள். அந்த இலையை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடிமானமே இல்லாமல் கையோடு வந்துவிட்டால் கொத்தை விரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே தண்டு பழுப்பேறி நைந்திருக்கும். அதன்மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு படர்ந்திருக்கும், தொட்டால் புகைபோல் தூள் எழும்பும். எழும்பும் ஒவ்வொரு துகளும் பூசண வித்து. வெளியே தெரிவது ஒற்றை இலை. உள்ளே பாதிக் கொத்து போயிருக்கும்.

இதன் பெயர் பொட்ரைட்டிஸ் சினேரியா. குளிர்சாதனப் பெட்டியில் மறந்துபோன ஸ்ட்ரோபெரியின் மேல் படரும் சாம்பல் பூசணமும், மழைக்காலத்தில் திராட்சைக் குலையை அழுகவைப்பதும் இதே பூசணம்தான். கஞ்சாப் பூவை இது மேலிருந்து தின்பதில்லை. கொத்தின் நடுத்தண்டில், காற்றே எட்டாத இடத்தில் தொடங்கி வெளியே வரும். பூ எவ்வளவு இறுக்கமாகத் திரண்டிருக்கிறதோ அவ்வளவு ஆபத்து. எட்டு, பத்து வாரம் பார்த்துப் பார்த்து வளர்த்ததன் மிகச் சிறந்த பகுதிதான் முதலில் போகும். அதுதான் இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

திராட்சைத் தோட்டக்காரர் என்றால் பூசணக்கொல்லி அடித்துவிட்டுப் போவார். இங்கே அந்த வழி அடைபட்டிருக்கிறது. காரணம் எளிது: இந்தப் பூவைக் கழுவிச் சாப்பிடுவதில்லை, பலர் கொளுத்திப் புகைக்கிறார்கள். மைக்ளோபூட்டானில் என்ற பூசணக்கொல்லியைத் திராட்சைக்கு அடிக்க அனுமதி உண்டு. ஆனால் அதைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் சயனைட் வாயு வெளிப்படும். 2016, 2017இல் கனடாவில் உரிமம் பெற்ற உற்பத்தியாளர்களின் மருத்துவக் கஞ்சாவில் இந்த மருந்தின் எச்சம் கண்டறியப்பட்டுச் சரக்கு திரும்பப் பெறப்பட்டது. நோய்க்கு மருந்தாக வாங்கியவர்கள்தான் அதைப் புகைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் வீட்டில் வளர்ப்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: பூவின்மேல் எதையும் அடிக்காதீர்கள். உங்களுக்கு இருக்கும் மருந்து காற்று. அந்தக் காற்றுக்கு வழி திறப்பதற்குத்தான் கத்தரிக்கோல்.

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காகச் சட்டத்தைச் சுருக்கமாக மறுபடி சொல்லிவிடுகிறேன். 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கலாம். ஆளுக்கு நான்கு அல்ல, வீட்டுக்கு நான்கு. கியூபெக் மாகாணத்தில் வீட்டில் வளர்க்கத் தடை உண்டு. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்த ஒருவருக்கு மூன்று செடி. இந்தியாவிலோ இலங்கையிலோ இது குற்றம். அங்கே இருக்கும் உறவினருக்கு இந்தத் தொடரை அனுப்புங்கள், விதையை அனுப்பாதீர்கள்.

இனிக் காற்று.

செடி வேரால் குடிக்கும் தண்ணீரில் மிகச் சிறு பங்குதான் அதன் உடம்பில் தங்குகிறது. நூற்றில் தொண்ணூற்றேழு பங்குக்கு மேல் இலை வழியாக ஆவியாகிக் காற்றில் போய்விடும். வெளித் தோட்டத்தில் இதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, வானம் வாங்கிக்கொள்கிறது. நான்கு பக்கமும் துணி மூடிய கூடாரத்தில் அதற்குப் போக்கிடம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது நான்கடிக்கு நான்கடிக் கூடாரம், உயரம் ஆறரை அடி. உள்ளே இருப்பது ஏறக்குறைய 3 கனமீட்டர் காற்று. 25 பாகை வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி 23 கிராம். அதாவது முழுக் கூடாரமும் தாங்குவது 70 கிராம்கூட இல்லை. ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் அதில் பாதி ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, மீதி இடம் 35 கிராம். பூத்த செடிகள் நாளுக்கு 4 லீட்டர் குடிக்கின்றன, விளக்கு எரியும் பன்னிரண்டு மணி நேரத்தில் அதை ஆவியாக விடுகின்றன என்று வையுங்கள். மணிக்கு 330 கிராம். காற்று மாறாவிட்டால் ஆறு ஏழு நிமிடத்தில் கூடாரம் நிரம்பிவிடும். ஈரம் ஏற ஏறச் செடி ஆவி விடும் வேகம் குறையும் என்பதால் நடப்பில் இன்னும் சற்று நேரம் பிடிக்கலாம். ஆனால் நிலைமை இதுதான். காலையில் ஒருமுறை சிப்பைத் திறந்து 'காற்றாட விடுவது' எந்த மூலைக்கும் போதாது.

ஆகவே முதல் செலவு வெளியேற்றும் விசிறி. அது கூடாரத்தின் மேற்பகுதியில் இருக்க வேண்டும், சூடும் ஈரமும் சேர்வது அங்கேதான். கீழே எதிர்ப்பக்கத்தில் வலை போட்ட திறப்பு வழியாக அறைக் காற்று தானாக உள்ளே வரும். விசிறி ஓடும்போது கூடாரத்தின் துணி லேசாக உள்ளே குழிய வேண்டும். குழிந்தால் உள்ளே வருவதைவிட அதிகம் வெளியே இழுக்கப்படுகிறது என்று அர்த்தம், நாற்றமும் கசியாது. துணி எலும்புக்கூடுபோல் கம்பியோடு ஒட்டிக்கொண்டால் கீழ்த் திறப்பு போதவில்லை, இன்னொன்றைத் திறந்துவிடுங்கள். துணி அசையவே இல்லையென்றால் விசிறி பெயருக்குத்தான் ஓடுகிறது. அட்டைப் பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகம் வெறும் விசிறிக்கு உரியது. அதற்கு முன்னால் கரி வடிகட்டியை மாட்டி, பின்னால் நெளிகுழாயை இரண்டு இடத்தில் மடக்கி விட்டால் அந்த வேகத்தில் கணிசமான பங்கு போய்விடும். குழாய் எவ்வளவு குட்டையோ, எவ்வளவு நேரோ, அவ்வளவு நல்லது.

அந்த 330 கிராமை வெளியே தள்ள எவ்வளவு காற்று மாற வேண்டும்? வெளி அறையில் 22 பாகை, 45 சதவீத ஈரப்பதம். கூடாரத்துக்குள் 26 பாகையில் 55 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றால், மணிக்குச் சுமார் 70 கனமீட்டர். இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் காற்று முழுக்க மாற வேண்டும். சாதாரண ஆறங்குல விசிறிக்கு இது பெரிய வேலை இல்லை.

ஆனால் ஜூலையில் ஸ்காபரோ வீடொன்றின் பேஸ்மென்டை எடுத்துக்கொள்ளுங்கள். 24 பாகை, ஈரப்பதம் 65 சதவீதம். அந்த அறைக் காற்றின் ஒவ்வொரு கனமீட்டரிலும் ஏற்கெனவே 14 கிராம் நீராவி இருக்கிறது. கூடாரத்துக்குள் நாம் வைக்க விரும்பும் அளவு 13 கிராம் சொச்சம். ஈரமான காற்றை எவ்வளவு வேகமாக உள்ளே இழுத்தாலும் ஈரம்தான் வரும். இந்த இடத்தில் பெரிய விசிறி வாங்குபவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள். வேண்டியது அறையின் ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர். கூடாரத்துக்கு உள்ளே அல்ல, அறையில். உள்ளே வைத்தால் அதன் சூடு செடிக்குப் போகும். குளிர்காலத்தில் கதையே வேறு. வெளியே -10 பாகை என்றால் அந்தக் காற்றில் கனமீட்டருக்கு இரண்டு கிராம் நீராவிதான் இருக்கும். அதை வீட்டுக்குள் 22 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் பத்துப் பதினைந்து சதவீதம். முதல் முறை வளர்ப்பவர்கள் நவம்பரில் பூக்க வைத்து மார்ச்சுக்குள் அறுவடையை முடித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் ஜமீர் புஞ்சா என்ற பேராசிரியரும் அவருடைய குழுவும் கஞ்சாப் பயிரின் பூசண நோய்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பசுமைக்குடில்களில் பூவின் பூசண அளவை எவை கூட்டுகின்றன, எவை குறைக்கின்றன என்று அவர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரையிலான அறுவடையில் பூசணம் குறைவு. பூ முற்றும் காலத்தில் விசிறி ஓடினால் குறைவு. கொத்துக்குள் சிற்றிலைகள் நிறைந்த ரகங்களில் அதிகம். தரையில் உதிர்ந்த இலையும் வெட்டிய கழிவும் கிடந்தால் அதிகம். கடைசியாகச் சொன்னதற்குச் செலவே இல்லை. வெட்டிய இலையைச் சட்டிக்குள் போட்டுவைக்காதீர்கள், ஒரு பையில் போட்டு உடனே வெளியே கொண்டுபோங்கள். செத்த இலை பொட்ரைட்டிஸ் பூசணத்துக்கு நாற்றங்கால்.

வெளியேற்றும் விசிறி வேறு, உள்ளே காற்றைக் கலக்கும் விசிறி வேறு. இரண்டும் வேண்டும். காற்று நகராத இடத்தில் ஒவ்வொரு இலையும் தன்னைச் சுற்றித் தானே விட்ட ஈரத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கும். ஈரமானி 55 காட்டும், இலைக்கூட்டத்தின் நடுவே அதைவிட எவ்வளவோ கூடுதலாக இருக்கும். ஈரமானியைக் கூடாரத்துச் சுவரில் மாட்டாமல் இலைகளுக்கு நடுவே தொங்கவிட்டால்தான் உண்மை தெரியும். சிறு விசிறி இரண்டு வையுங்கள்: ஒன்று செடிகளின் உச்சிக்குச் சற்று மேலே, இன்னொன்று கீழே சட்டிகளின் மட்டத்தில். எல்லா இலையும் மெல்ல நடுங்க வேண்டும். ஒரே இலை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால் அது நாளடைவில் ஓரம் சுருண்டு காய்ந்துவிடும். நேருக்கு நேர் அடிக்காமல், சுவரில் பட்டுத் திரும்பும்படி வையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இருட்டு. பூப்பதற்குப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டு வேண்டும் என்று ஒளி பற்றிய பகுதியில் பார்த்தோம். விளக்கு அணைந்ததும் கூடாரம் குளிரும். 26 பாகையில் 60 சதவீதமாக இருந்த காற்று, ஒரு துளி நீராவிகூடக் கூடாமல், 20 பாகைக்கு இறங்கும்போது 85 சதவீதத்தைத் தொட்டுவிடும். பொட்ரைட்டிஸ் காத்திருப்பது இதற்குத்தான். இரவில்தான் விசிறி கட்டாயம் ஓட வேண்டும்.

சென்ற மாதம் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் தன் கூடாரத்தைப் பார்க்க அழைத்தார். கோடையில் வீட்டுப் பின்வளவில் கத்தரியும் பாகலும் வைத்துத் தெரு முழுக்கக் கொடுப்பவர், கைராசிக்காரர். சிப்பைத் திறந்தால் செடிகள் வெறும் குச்சியாக நிற்கின்றன. உச்சியில் கொத்துகள் மட்டும்தான், கைவிரித்த பெரிய இலை என்று ஒன்றுகூட மிச்சமில்லை.

"எல்லா இலையையும் வழிச்சுப்போட்டியள் போலை?"

"ஓம் தம்பி. வெளிச்சம் உள்ளுக்கை போகும், காத்தும் போகும் எண்டு சொன்னாங்கள். வெட்டி ரெண்டு கிழமையாச்சு. பூ பெருக்கக் காணேல்லை."

"இரவிலை ஃபான் ஓடுதோ அண்ணை?"

"இல்லை. லைற்றோடை சேர்த்து ஒரே ரைமரிலைதான் போட்டிருக்கிறன்."

நாங்கள் முதலில் செய்தது விசிறியை அந்த ரைமரிலிருந்து கழற்றி நேரடியாகச் சுவரில் செருகியதுதான். பிறகு அவர் கேட்டார், "முருங்கையை மொட்டையா வெட்டினால் நல்லாத் தளைக்குதுதானே, இது ஏன் தளைக்கேல்லை?" நியாயமான கேள்வி. முருங்கை பல ஆண்டு வாழும் மரம். அடிமரத்திலும் வேரிலும் உணவைச் சேர்த்துவைத்திருக்கிறது. இலை போனாலும் அந்தச் சேமிப்பை எடுத்துத் துளிர்க்கும். கஞ்சா ஓராண்டுப் பயிர். பூக்கத் தொடங்கி இரண்டு மூன்று வாரம் உயரம் வைக்கும், பிறகு புது இலை விடுவது ஏறக்குறைய நின்றுவிடும். அதற்குப் பின் அதனிடம் இருக்கும் இலைதான் அதன் முழு வருமானம். பூவைப் பருக்கவைக்கும் சர்க்கரை அந்தப் பெரிய இலைகளில்தான் உண்டாகிறது. கடைசி வாரங்களில் அதே இலைகளின் தழைச்சத்தும் உருவப்பட்டுப் பூவுக்குப் போகிறது. அறுவடை நெருங்கும்போது இலை மஞ்சளாவது அதனால்தான். ஐந்தாம் வாரத்தில் அவற்றை வழித்தால் பூவின் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்குவதாகும்.

இலையை அடியோடு வழிக்கும் இந்தப் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாதது. வழித்த பிறகு செடி பார்க்கச் சுத்தமாக இருக்கும், படத்துக்கும் அழகாக இருக்கும். காற்றுப் போக அவ்வளவு தேவையில்லை. கவாத்து செய்ய வேண்டிய இடம் கீழே.

செடியின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம் வரை பாருங்கள். அங்கே ஒளி போவதில்லை. மெலிந்த பக்கக் கிளைகள் மேலே எட்டிப் பிடிக்க முயன்று தோற்றிருக்கும். அவற்றில் வரும் பூ கடலையளவைத் தாண்டாது. ஆனால் அவையும் தண்ணீர் குடிக்கின்றன, ஆவி விடுகின்றன, கீழே வரும் புதுக் காற்றை வாசலிலேயே மறிக்கின்றன. அவற்றைத் தண்டோடு ஒட்ட வெட்டிவிடுங்கள். குச்சி நீட்டிக்கொண்டு நிற்கக்கூடாது, நின்றால் அந்தக் குச்சி அழுகும். பிறகு செடியின் நடுப்பகுதியில், தண்டை ஒட்டி முளைத்திருக்கும் சிறு துளிர்களை விரலாலேயே கிள்ளிவிடலாம். இஸ்ரேலின் வோல்கானி ஆய்வு மையத்தில் நிரித் பெர்ன்ஸ்டைன் என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளரும் மருத்துவக் கஞ்சாவை வெவ்வேறு விதமாகக் கவாத்து செய்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெட்டாமல் விட்ட செடியில் உச்சிப் பூவின் மருந்துச் சத்துக்கும் அடிப் பூவின் சத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது, அடியில் குறைவு. கீழ்க்கிளைகளை எடுத்துவிட்டால் அந்த வித்தியாசம் குறைகிறது, செடி முழுவதும் சத்து ஒரு சீராக அமைகிறது. வலிக்கு எண்ணெய் எடுத்து அளவு பார்த்துக் குடிப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. இன்றைய துளிக்கும் நாளைய துளிக்கும் வீரியம் மாறக்கூடாது.

எப்போது வெட்டுவது? பெரிய கவாத்தை விளக்கைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மாற்றுவதற்குச் சில நாள் முன்பே முடித்துவிடுங்கள். காயம் ஆறவும் செடி தேறவும் அவகாசம் கிடைக்கும். மூன்றாம் வாரம் முடியும்போது, செடி நீள்வது நின்றதும், இன்னொரு முறை கைவைக்கலாம். அப்போதும் ஒரே மூச்சில் ஐந்தில் ஒரு பங்கு இலைக்கு மேல் எடுக்காதீர்கள். அதன்பிறகு வெட்டக்கூடியவை சிலதான்: மஞ்சளானது, ஒன்றன்மேல் ஒன்று ஈரமாக ஒட்டிக்கிடப்பது, கொத்தின்மேலேயே படுத்துக் கிடப்பது. கொத்தின்மேல் படுத்த இலையைக்கூட முதலில் காம்பை வளைத்துக் கிளைக்கு அடியில் செருகிப் பாருங்கள். பாதிக்கு மேல் வெட்டாமலே சரியாகிவிடும்.

வெட்டாமல் இடைவெளி உண்டாக்க இன்னும் வழி இருக்கிறது. கிளைகளை வெளிப்பக்கமாக இழுத்து மெத்தென்ற கம்பியால் சட்டியின் விளிம்பில் கட்டலாம். குறுக்கே வலை கட்டி ஒவ்வொரு கிளையையும் ஒவ்வொரு கண்ணியில் விடலாம். இரண்டுக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நான்கடிக் கூடாரத்தில் நான்கு செடி எதற்கு? சட்டம் நான்கு என்று சொல்வது உச்சவரம்பு. இரண்டு செடியை நன்றாக விரித்து வளர்த்தால் அதே இடம் நிறையும், கை நுழைத்துப் பார்க்க இடம் இருக்கும், கத்தரிக்கோலுக்குப் பாதி வேலைகூட இருக்காது. நான் கேட்டுக்கொண்டும் இதுவரை மூன்றாம் செடியைக் கைவிட மனம் வந்தவர்கள் குறைவு. ஆனாலும் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

கத்தரிக்கோல் கூராக இருக்க வேண்டும். மழுங்கியது தண்டை நசுக்கும். நசுங்கிய காயம் காய நாளாகும், பூசணம் நுழைவது அந்த வழியாகத்தான். ஒரு செடி முடிந்து அடுத்த செடிக்குப் போகும்போது அலகை ஐசோபுரோபைல் ஆல்கஹோலில் துடையுங்கள். கிருமிக்கும் நல்லது, அலகில் அப்பும் பிசினும் போகும். நேரம் முக்கியம்: விளக்கு எரியத் தொடங்கியதும் வெட்டுங்கள். இருட்டு வருவதற்குள் காயம் காய்ந்திருக்கும். தண்ணீர் ஊற்றுவதும் அதேபோல் விளக்கு எரியும் நேரத்தின் தொடக்கத்தில். இரவுக்கு முன் ஊற்றினால் அவ்வளவு ஈரத்தையும் இருட்டுக்குள் அடைத்துவைக்கிறோம்.

சாம்பல் நோய் எனப்படும் வெள்ளைப் பூசணம் பற்றி ஒரு வார்த்தை. மாவு தூவியதுபோல் இலையின் மேற்புறத்தில் படரும். அதற்குப் பொட்ரைட்டிஸ்போல் நீர்த்துளி தேவையில்லை, நெரிசலும் தேங்கிய காற்றும் போதும். வாரம் ஒருமுறை உட்பக்க இலைகளைச் சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்த இலையைப் பைக்குள் வைத்து, பைக்குள்ளேயே கிள்ளி எடுங்கள். வெளியே ஆட்டினால் வித்து எல்லாச் செடிக்கும் போகும்.

பூசணம் பிடித்த பூவைப் 'பரவாயில்லை, அந்தப் பகுதியை எடுத்துவிட்டு வைத்துக்கொள்வோம்' என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். கடைக்குப் போகும் கஞ்சா நுண்ணுயிர்ச் சோதனையைத் தாண்டியாக வேண்டும். பல நிறுவனங்கள் கதிர்வீச்சுக்கும் உட்படுத்துகின்றன. நம் பேஸ்மென்டில் விளைவதை யாரும் சோதிப்பதில்லை. அழுகிய பூவில் பொட்ரைட்டிஸ் மட்டும் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. கஞ்சாவில் இருந்த ஆஸ்பர்ஜில்லஸ் பூசணம் நுரையீரலுக்குள் போய் நோயான சம்பவங்கள் 1970களிலிருந்தே மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது உயிரைப் பறிக்கலாம். புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவர், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர் போன்றவர்கள்தான் வலிக்கும் குமட்டலுக்கும் இதைத் தேடுகிறார்கள். வீட்டில் அப்படி ஒருவருக்காக வளர்க்கிறீர்கள் என்றால், சோதித்து விற்கும் கடைச் சரக்கையே வாங்கிக் கொடுங்கள், அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு. இந்தத் தொடரை எழுதுபவனே இதைச் சொல்கிறேன்.

அழுகலைக் கண்டால் செய்ய வேண்டியது இது. எல்லா விசிறிகளையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வித்தைக் கூடாரம் முழுக்க நீங்களே விதைப்பீர்கள். அழுகிய கொத்தின்மேல் மெதுவாகப் பையைக் கவிழ்த்து, பழுப்பு முடியும் இடத்துக்கு இரண்டங்குலம் கீழே, நல்ல தண்டில் வெட்டி, பையின் வாயைக் கட்டி வீட்டுக்கு வெளியே குப்பையில் போடுங்கள். அலகையும் கையையும் துடைத்துவிட்டு மற்ற கொத்துகளை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள், பருத்தவற்றை முதலில். விசிறிகளை மறுபடி போடுங்கள். இரவு ஈரப்பதம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஈரமானியின் பதிவைப் பாருங்கள். இந்தத் தவறு பெரும்பாலும் இரவில்தான் நடந்திருக்கும். அடுத்த மூன்று நாளில் இன்னொரு கொத்திலும் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். பத்து நாள் முன்னதாக இருந்தாலும், நல்லதாக உள்ளதை அன்றைக்கே அறுத்துவிடுங்கள்.

அறுத்ததை எப்படி உலர்த்துவது, பூசணம் பிடிக்காமல் எப்படி வைத்துக்கொள்வது என்பது அடுத்த வாரம்.